'ஸ்ப்ளாஷ்': தண்ணீர் தெறிப்பது மட்டும்தானா?

'ஸ்ப்ளாஷ்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு முதல் அர்த்தம், தண்ணீர் தெறிப்பது அல்லது தெறிக்க விடுவது. மழைநாளில் பஸ் வேகமா போகும்போது நம்ம மேல சேறு அடிக்குதே, அது ஸ்ப்ளாஷ். தூக்கம் போக முகத்தில் தண்ணீரை வாரி அடிச்சாலும் ஸ்ப்ளாஷ்தான். கோலம் போடும் முன் வாசலில் கையால் தெளிப்பது 'ஸ்ப்ரிங்கிள்'. பாட்டிலை அழுத்திப் பீய்ச்சி அடிப்பது 'ஸ்ப்ரே'.

விண்கலம் கடலில் வந்து இறங்குவது 'ஸ்ப்ளாஷ்டவுன்'. 2025 ஜூலை 15-ல் சுபான்ஷு சுக்லா வந்த டிராகன் விண்கலம் கலிஃபோர்னியாவை ஒட்டிய பசிபிக் கடலில் இறங்கியபோது செய்திகளில் அதிகம் அடிபட்ட வார்த்தை இது. ஒரு செய்தியை முதல் பக்கத்தில் பெரிசா போடுவதும் ஸ்ப்ளாஷ்.

ஆபீஸ் மெயிலில் கவனிக்க வேண்டியது 'ஸ்ப்ளாஷ் அவுட்'. ஆசைப்பட்டதுக்குத் தாராளமா செலவழிப்பது என்று அர்த்தம். சொந்தக் காசில் விலை உயர்ந்த போன் வாங்கினால் பொருந்தும். டீமுக்கு லேப்டாப் வாங்கியதை அப்படி எழுதினால், அவசியச் செலவுகூட ஊதாரித்தனமா தெரியும். அங்கே 'ஸ்பென்ட்' போதும்.

'மேக் எ ஸ்ப்ளாஷ்' வேறு: எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி செய்வது. உங்க பிரசன்டேஷனைப் பற்றி மேனேஜர் அப்படிச் சொன்னால், பெரும்பாலும் பாராட்டுதான்.