கணவன் கடனும் மனைவி உடைமையும்

கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒருவரே. அந்த ஒருவர் கணவரே. இதுவே ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய கொள்கை. மணம் முடிந்த அளவிலேயே மனைவியின் பணமும் பிற அசையும் பொருள்களும் கணவனைச் சேர்ந்தன. ஆகவே, அவன் பட்ட கடனுக்கு அவள் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த பொருள் ஏலம் போவதும் முறையாகவே கருதப்பட்டது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் இச்சட்டத்தையே பின்பற்றின.

மிசிசிப்பி மாநிலத்தில் வாழ்ந்த சிக்கசா பழங்குடியினரின் வழக்கமோ வேறு. அங்கே மணமான பெண்ணின் உடைமை அவளுக்கே உரியது. அக்குடியைச் சேர்ந்த பெட்சி லவ் ஆலன் என்னும் பெண்மணி, 1829இல் தம் அடிமையான டோனி என்பவரைத் தம் மகளுக்குக் கொடையாக எழுதித் தந்தார். பின்னர் ஜான் ஃபிஷர் என்பவர் பெட்சியின் கணவர்மீது கடனுக்காகத் தீர்ப்புப் பெற்று, டோனியைக் கைப்பற்றி விற்க முனைந்தார். வழக்கு மாநிலத்தின் உயர் முறையீட்டு மன்றம் வரை சென்றது. மாநிலச் சட்டம் சிக்கசா மக்கள்மீது 1830இல்தான் விரிக்கப்பட்டது. அதற்கு முன்பே குடிவழக்கப்படி நடந்த மணத்தில் மனைவியின் உடைமை கணவனைச் சேரவில்லை. எனவே அவன் கடனுக்கு அது பொறுப்பாகாது என்று 1837இல் மன்றம் தீர்ப்பளித்தது.

அவ்வாண்டிலேயே பெரும் பொருளாதார நெருக்கடி நேர்ந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. தோட்ட முதலாளிகள் கடனில் மூழ்கினர். 1839இல் மணமான பெண்டிர் தம் பெயரில் சொத்துக் கொள்ளலாம் என மிசிசிப்பி சட்டம் இயற்றியது. பெட்சியின் வழக்கே அதற்குத் தூண்டுகோல் என்பாரும் உளர். ஆயினும், கடன்காரர் கைக்குக் குடும்பச் செல்வம் போகாமல் காக்கும் நோக்கமே அதில் மேலோங்கி நின்றது. சட்டத்தின் பெரும்பகுதி அடிமைகளைப் பற்றியதே. அவர்களை மேலாளும் உரிமையும் அவர்தம் உழைப்பின் பயனும் கணவனிடமே விடப்பட்டன.

குறையுடையதாயினும் அது ஒரு தொடக்கம். நியூயார்க் 1848இலும், இங்கிலாந்து 1882இலும் மனைவியின் தனியுடைமையை விரிவான சட்டங்களால் ஏற்றன.

பெண்ணுரிமை வரலாற்றில் பெட்சியின் பெயர் இடம்பெற்றுவிட்டது. ஆனால், அவ்வழக்கில் யார் வென்றிருப்பினும் டோனிக்கு விடுதலை இல்லை. அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல்தான். ஓர் உரிமையின் பிறப்பைக் கற்போர், அவ்வுரிமை யாரைப் பொருளாக எண்ணிற்று என்பதையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.