போலிப் படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால்? டிஜிட்டல் குடிமைப் பொறுப்பும் மனநலமும்

2025 ஏப்ரலில் ஜொகூர் மாநிலத்தின் கூலாயில் 16 வயது மாணவர் ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. சக மாணவிகள், முன்னாள் மாணவிகளின் சாதாரணப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ஆபாசப் படங்களாக மாற்றி இணையத்தில் விற்றதாகச் சந்தேகம். ஒரு படத்தின் விலை 2 ரிங்கிட் எனக் கூறப்பட்டது.

இப்படி ஒரு படத்தை உருவாக்க ஒருத்தர் போதும். ஆனா அது பரவணும்னா வாங்குறவங்க, பார்க்கிறவங்க, 'ஃபார்வர்ட்' பண்றவங்கன்னு பலர் வேணும்.

டிஜிட்டல் குடிமைப் பொறுப்புன்னா என்ன?

கடவுச்சொல்லைப் பாதுகாப்பது அதில் ஒரு பகுதிதான். அடுத்தவரின் படமோ ரகசியமோ நம் கைக்கு வரும்போது என்ன செய்கிறோம் என்பதும் அதில் அடங்கும்.

'போலிதானே, இதுல என்ன இருக்கு?'

படம் போலியாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவரின் பயம் உண்மையானது. யார் யார் பார்த்தாங்க என்று தெரியாததே பெரிய பாரம். தூக்கம் கெடும், பள்ளிக்குப் போகவே மனம் வராது. 'நீ ஏன் படம் போட்டே?' என்று வீட்டில் திட்டுவார்களோ என்று பலர் வாய் திறப்பதில்லை.

சுகாதார அமைச்சின் 2022 ஆய்வின்படி, மலேசியாவில் 13 முதல் 17 வயது வரையிலான நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்ந்திருக்கிறார். அதற்கு இணையம் மட்டுமே காரணமல்ல. ஆனால் ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவருக்கு இதுபோன்ற அவமானம் இன்னும் பெரிய அடி.

சட்டம் என்ன சொல்கிறது?

18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே குற்றம். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017-இன் கீழ் 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். 'நான் அனுப்பலையே, வச்சிருந்தேன் அவ்வளவுதான்' என்று சொல்லித் தப்ப முடியாது. இணையப் பகடிவதை உள்ளிட்ட பகடிவதைக் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டத் திருத்தங்களும் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன.

படம் வந்தால் என்ன செய்யலாம்?

• யாருக்கும் அனுப்பாதீங்க. 'யாருன்னு தெரியுதா?' என்று கேட்கக்கூட வேண்டாம்.
• படத்தை 'ஸ்கிரீன்ஷாட்' எடுக்காதீங்க. அனுப்பிய கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரத்தைக் குறித்து வைத்துப் போலீசிடம் கொடுங்க.
• அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்க.
• பாதிக்கப்பட்டவர் தெரிந்தவரா? 'இது உன் தப்பு இல்லை' என்று முதலில் சொல்லுங்க. நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போங்க.

படத்தை நீக்க முடியுமா?

18 வயதுக்குட்பட்டோருக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. உங்கள் கைப்பேசியிலேயே படத்துக்கு ஓர் எண் அடையாளம் உருவாகும். அந்த அடையாளம் மட்டுமே இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்களுக்குப் போகும், படம் போகாது. பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' உண்டு. ஆனால் மறையாக்கம் செய்யப்பட்ட வாட்ஸ்அப் போன்ற தனிச்செய்திகளில் இவை வேலை செய்யாது. அங்கே படத்தைத் தடுத்து நிறுத்தக்கூடியவர், அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

உதவிக்கு: தாலியான் காசே 15999 (24 மணி நேரம்), மனநல ஆலோசனைக்கு ஹீல் 15555 (காலை 8 முதல் நள்ளிரவு வரை). அவசரம் என்றால் 999.