கழிவுத் தேயிலையின் கதை



பெரகலையிலிருந்து வெல்லவாயை நோக்கி இறங்கும் மலைப்பாதையில் உள்ளது கொஸ்லந்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியபோது அவ்வூரின் பெயரை உலகம் துயரத்தோடு கேட்டது. அங்கு வாழ்வோர் தலைமுறை தலைமுறையாகக் கொய்துவரும் கொழுந்தைப் பற்றியும், அதிற் கழிவென ஒதுக்கப்படும் பகுதியின் மதிப்பைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் ஊவாவிற்கு வந்தார். அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையில் அவருடைய ஆலை எழுந்தது.

ஆலையிற் கொழுந்தை வாட்டி, உருட்டி, விரித்து வைப்பர். இலை செம்மை பெறும் இந்நிலையைப் ‘புளிக்க வைத்தல்’ என்றே நெடுங்காலம் அழைத்தனர். உண்மையில் அது புளிப்பன்று. நசுங்கிய இலையிலுள்ள நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து நிகழ்த்தும் மாற்றமாகும். அம்மாற்றத்திற்கு ஆளாகும் பொருள்களே பொலிபீனோல்கள். இவற்றுள் ஒன்றான கட்டெக்கினை, ஜப்பானியப் பெண் விஞ்ஞானியாகிய மிச்சியோ சுஜிமுரா 1929இற் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்.

ஒட்சிசனை விரைந்து ஏற்கும் இப்பண்பே இவற்றின் சிறப்பு. எண்ணெயை நாட்பட வைத்தால் சிக்கு வாடை வீசுவதேன்? ஒட்சிசன் கொழுப்பைத் தாக்குவதால். பொலிபீனோல் சிறிதளவு சேர்ந்திருப்பின், அத்தாக்குதலைத் தானே முன்னின்று ஏற்றுக் கொழுப்பைக் காக்கும். ஆதலின் இவற்றை ஒட்சியேற்றத் தடுப்பிகள் என்பர்.

இனிக் கழிவுக்கு வருவோம். தேயிலையைச் சலித்துத் தரம் பிரித்தபின் முற்றிய காம்பும், நாரும், பஞ்சும், கூட்டிய தூளும் எஞ்சுகின்றன. இவற்றை நல்ல தேயிலையிற் கலந்து விற்போரைத் தடுக்க, 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கழிவுத் தேயிலைக்குக் கட்டுப்பாடு விதித்தது. அக்கழிவு எருவாயிற்று, கபேயின் எடுக்கவும் பயன்பட்டது.

ஆயினும் பொலிபீனோல்கள் அதில் முற்றாக அற்றுப் போவதில்லை. இளங்கொழுந்தில் உள்ள அளவு காம்பிலும் நாரிலும் இல்லை, இருப்பதை மீட்கலாம். சுடுநீரில் ஊறவைத்து வடித்த சாற்றிலிருந்து கபேயினை நீக்கி, எதைல் அசற்றேற்றுப் போன்ற கரைப்பானாற் கட்டெக்கின்களைப் பிரிப்பர். தரையிற் கூட்டிய தூளில் மண்ணும் அழுக்கும் கலந்திருக்குமாதலால், தூய்மை செய்வதே இங்குப் பெரும்பணி.

மீட்ட பொருளெல்லாம் மருந்தென மயங்குதலும் ஆகாது. பச்சைத் தேயிலைச் சாற்றைச் செறிவாக்கி விற்கும் குளிகைகளை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, முதன்மையான கட்டெக்கினை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இவ்வாறு உட்கொள்வது ஈரலைப் பாதிக்கக்கூடும் என 2018இல் எச்சரித்தது.

நம் தோட்டப் பெண்களுக்கு இதிலும் நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. எண்ணெயைக் காக்கும் அதே பொலிபீனோல், ரொட்டியிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து, உடலிற் சேராமற் செய்கிறது. காலையில் ரொட்டியோடு சாயத்தண்ணீரையும் குடித்துவிட்டு மலையேறுபவள், தான் உண்ட இரும்பில் ஒரு பகுதியை அத்தேநீருக்கே இழக்கிறாள். சோகை பீடித்த உடலுக்கு இது சிறிய இழப்பன்று. உணவுக்கு ஒரு மணிநேரம் கழித்துத் தேநீர் அருந்துவதும், உணவோடு தேசிக்காய்ப் புளி சேர்ப்பதும் இவ்விழப்பைக் குறைக்கும்.

நல்ல தேயிலை கப்பலேறிற்று. அதன் ஆதாயமும் உடன் சென்றது. கழிவிலிருந்து பெறும் செல்வமேனும் மலையடிவாரத்திலேயே தங்குமாறு செய்யலாமன்றோ? பிரித்தெடுக்கும் சாலைகள் கொழுந்து விளையும் ஊர்களிலேயே அமைந்தால், கொய்பவள் மகளும் மகனும் ஆய்வுகூடத்திற் பணிபுரியலாம். மீட்க வேண்டியவை பல. அவற்றுள் அவ்வுரிமையும் ஒன்று.