வருங்காலத்துக்கு வழிகாட்டுவது சூரிய சக்தியே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே! கனகம்மாசத்திரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நெஞ்சங்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாரு, அணு உலைதான் ராத்திரி டியூட்டியும் பார்க்கும்"னு சொல்லி கைதட்டலை அள்ளிக்கிட்டுப் போயிட்டார். நல்ல கேள்விதான். பதில் சொல்லாம நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம் பார்த்துடுவோம். வருங்காலத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், பூர்வீகம் விசாரிக்க வேண்டாமா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இந்த ரெண்டு பேரும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்க. 1954 ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகத்துக்குக் காட்டியது. தன்மேல் விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் அதனால் மின்சாரமாக்க முடிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், சோவியத் நாட்டு ஒப்னின்ஸ்க் நகரில் அணுமின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அதன் அளவும் வெறும் 5 மெகாவாட்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டில் அணுசக்தித் துறை பிறந்தது. சரி, சூரியனையும் காற்றையும் கவனிக்க மத்திய அரசில் ஒரு துறை எப்போ வந்தது தெரியுமா? 1982ல! ஒரு பிள்ளைக்குப் பொறந்த அன்னிக்கே தங்கக் கிண்ணத்துல பால். இன்னொரு பிள்ளையை 28 வருஷம் கழிச்சுத்தான் ரேஷன் கார்டுலயே சேர்த்தாங்க! (கைதட்டல்)

அணுசக்தியைக் குறை சொல்வது மட்டும் என் வேலை இல்லை. கல்பாக்கத்தில் முதல் உலை 1983 ஜூலையில் இயங்க ஆரம்பித்தது. நம் எஞ்சினீயர்கள் கட்டி எழுப்பியது அது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அந்தத் திறமைக்கு நானும் கை தட்டுகிறேன்.

ஆனால் கூடங்குளத்தின் கதையைக் கேளுங்கள். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 1991ல் கையெழுத்துப் போட்ட சோவியத் நாடே இல்லாமப் போச்சு! கட்டுமானம் தொடங்கியது 2002ல். முதல் உலை முறையாக மின் விற்பனைக்கு வந்தது 2014 டிசம்பர் 31. மொத்தம் 26 வருஷம்! ஒப்பந்தம் போட்ட அன்னிக்குப் பொறந்த குழந்தை வளர்ந்து, படிச்சு, கல்யாணமாகி, தன் பிள்ளைக்குக் காது குத்தவே தணிகைமலைக்கு வந்திருக்கும்! (சிரிப்பு)

இதில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. 2011 மார்ச் 11ல் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து. அதற்குப் பிறகு இடிந்தகரையில் மீனவத் தாய்மார்கள் மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி கொடுத்தது. 2012ல் இந்தப் பக்கம் என்ன நிலைமை? சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறியை நம்பி எத்தனை குடும்பம்! கரண்ட் போனா தறி நிக்கும், தறி நின்னா உலை கொதிக்காது. கடலோரத் தாயின் பயமும் நிஜம். தறி வீட்டுத் தாயின் பசியும் நிஜம். ஒரு தாயோட பசியைத் தீர்க்க இன்னொரு தாயைப் பயத்துல வைக்கலாமா? அதுதான் நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றத்தின் உண்மையான கேள்வி.

அதற்கு ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் பதில் இருக்கிறது. மழைக்கு ஏங்கும் பூமி. அங்கே 2016ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. கட்டி முடிக்க எட்டு மாதம்தான். 2,500 ஏக்கர் நிலம் பிடித்தது உண்மை. வெயில் இருக்கும்போதுதான் ஓடும் என்பதும் உண்மை. ஆனால் விலையைப் பாருங்கள். 2010ல் தேசிய சூரிய சக்தித் திட்டம் தொடங்கியபோது யூனிட் பத்து ரூபாய்க்கு மேல். 2017ல் ராஜஸ்தான் பட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது! அந்த ஆறு பங்கு இன்றைக்கு இருபதைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 2025ல் சூரிய மின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. லேட்டா ரேஷன் கார்டுல சேர்ந்த பிள்ளை, இன்னிக்கு வீட்டைத் தாங்குது! (கைதட்டல்)

இப்ப ராத்திரி டியூட்டிக்கு வர்றேன். கோவை மாவட்டத்துல காடம்பாறை இருக்கு. 400 மெகாவாட் நீர்மின் நிலையம். 1980களிலிருந்தே நம்ம மின்வாரியம் அங்கே என்ன பண்ணுது? கரண்ட் மிச்சம் இருக்கும்போது தண்ணியை மேல் அணைக்கு ஏத்தி வெச்சுக்குது. தேவைப்படும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுத்துக்குது. பகல்ல கிடைக்கிற வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்க அந்த வழி இருக்கு, பேட்டரியும் வந்தாச்சு. சாயங்காலம் அரைச்சு வெச்ச மாவுதானே காலையில இட்லி? எடுத்து வைக்கிறது நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியாத வித்தையா! (பலத்த கைதட்டல்)

வெயிலுக்கு நமக்கு என்ன பஞ்சம்? முருகனுடைய கோபம் தணிந்த தலம் என்பதால் திருத்தணிகை. முருகன் கோபம் தணிஞ்சுது, வெயில் தணியலையே! மே மாதம் டிவியில வெயில் பட்டியல் வாசிச்சா திருத்தணி பேரு முன்வரிசையில வருது. (சிரிப்பு) அந்த வெயிலைத் திட்டிக்கிட்டே இருக்காம, மாடியில தகடு போட்டா வீட்டுக்கு மின்சாரம். 2024லிருந்து மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கிறது. அணு உலையை யாராவது மாடியில வெச்சுக்க முடியுமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன்.

சூரியத் தகடும் ஒரு நாள் குப்பையாகும். சுமார் 25 வருஷத்தில் கண்ணாடியையும் அலுமினியத்தையும் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அணு உலையில் உண்டாகும் புளுட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும். நமக்குக் கொள்ளுத் தாத்தாவோட அப்பா பேரே ஞாபகம் இல்லை. 24,000 வருஷத்துக்குச் சாவியை யாருகிட்ட கொடுத்துட்டுப் போறது?

இருக்கிற உலைகள் தங்கள் காலம் வரை பத்திரமாக ஓடட்டும். இனி போடும் முதலைச் சூரியன்மேல் போடுவோம். இந்த ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரத்துக்கு ஒரு தர்மம் உண்டு. தங்கிட்டுப் போறவன், அடுத்து வர்றவனுக்காக இடத்தைப் பெருக்கி வெச்சுட்டுப் போகணும். இந்த பூமியும் ஒரு சத்திரம்தான், நடுவர் அவர்களே! நல்ல தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.