கத்தரி, கத்தி, எலும்பு: காகிதக் கலைக் கருவிகள் சொல்லும் வரலாறு

தைப்பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பெட்டிக்கடை முகப்பில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சிவகாசியில் அச்சாகி வந்த கரும்பும் பானையும் காளையும் திரைநடிகர்களும் அக்கயிற்றில் காற்றிலாடிக்கொண்டிருப்பார்கள். கைபேசி வந்தபின் அந்தக் கயிறுகள் மெல்ல மெல்ல அவிழ்ந்துபோயின. ஆயினும் கையால் செய்யும் வாழ்த்து அட்டை மறைந்துவிடவில்லை. நம் வகுப்பறைகளிலேயே அது உயிரோடிருப்பதைக் காண்கிறோம்.

சென்ற ஆண்டு நம் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றார். முதுகலை மாணவியர் சிலர் அவருக்கென ஒரு மடிப்பு அட்டை செய்ய முனைந்தனர். அவர்களுள் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, இதற்கென்றே ஒரு வெட்டும் எந்திரம் விற்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கலாமா?" என்று கேட்டார். விலையைக் கேட்டபோது அது அம்மாணவியின் ஒரு மாத விடுதிக் கட்டணத்தைத் தாண்டியது. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லி நழுவினோம். இலக்கிய ஆசிரியனுக்குக் கருவியைப் பற்றி என்ன தெரியும்? தெரியாததைத் தேடிப் படிக்கும் வழக்கம் மட்டும் உண்டு. அத்தேடலில் கிடைத்த விடையே இக்கட்டுரை. காகிதத்தை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் பெரும்பணி செய்தவர்கள் எந்தக் கருவிகளை வைத்திருந்தார்கள்? அவற்றுள் இன்று காசு கொடுத்து வாங்கத்தக்கவை எவை? இவ்விரு கேள்விகளும் ஒன்றுதான் என்பது போகப்போகப் புரிந்தது.

கத்தரி

காகிதத்தைச் செம்மைப்படுத்திய பெருமையைச் சீனர்கள் காய் லுன் என்னும் அரண்மனை அலுவலருக்கு அளிப்பர். ஆண்டு கி.பி. 105. சீனத்தின் வடமேற்கில் துர்ப்பான் பகுதிக் கல்லறைகளில் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த காகித வெட்டோவியங்கள் கிடைத்துள்ளன. வட்டமாக மடித்து, வெட்டி, விரித்த வடிவங்கள் அவை. அக்கலை இன்றும் அங்கே சிற்றூர்ப் பெண்களின் கைகளில் வாழ்கிறது. 2009இல் யுனெஸ்கோ அதை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. போலந்து நாட்டு உழவர் வீடுகளில் சுவரை அழகுசெய்த காகிதச் சேவல்களை ஆட்டு மயிர் கத்தரிக்கும் பெருங்கத்தரியால் வெட்டினார்கள். மதுராவில் கண்ணன் கோயில்களில் வண்ணப்பொடிக் கோலமிடுவதற்கான சாஞ்சி அச்சுகளை நுண்ணிய சிறுகத்தரியால் வெட்டுகிறார்கள். ஆட்டுக் கத்தரி பெரிது, மதுராக் கத்தரி சிறிது. எது உயர்ந்தது என்று கேட்பது வீண். கைக்குப் பழகிய கருவி என்பதே இரண்டுக்கும் பொதுவான தகுதி.

இதை நமக்கு முழுமையாக உணர்த்தியவர் மேரி டெலனி என்னும் ஆங்கில மூதாட்டி. 1700இல் பிறந்தவர். பதினேழாம் வயதில், தம் விருப்பத்துக்கு மாறாக, ஏறத்தாழ அறுபது வயதான ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டார். சில ஆண்டுகளில் கணவரை இழந்தார். நெடுங்காலம் தனித்திருந்து, 1743இல் பேட்ரிக் டெலனி என்னும் அயர்லாந்துச் சமயகுருவைத் தாமே விரும்பி மணந்தார். அவரும் 1768இல் மறைந்தார். மேரிக்கு அப்போது வயது 68. இனி எஞ்சியிருப்பது இறுதிக்காலம் ஒன்றே என்றுதான் எவரும் எண்ணியிருப்பர்.

போர்ட்லாந்துச் சீமாட்டி என்னும் தோழியின் மாளிகையில் தங்கியிருந்த ஒருநாள், மேசைமேல் கிடந்த சிவந்த காகிதத் துண்டு ஒன்று அருகிலிருந்த ஜெரேனியம் பூவின் இதழ் நிறத்தோடு ஒத்திருந்ததைக் கண்டார். கத்தரியை எடுத்து அவ்விதழை வெட்டினார். உள்ளே வந்த தோழி அதை உண்மையான மலர் என்றே நினைத்தாராம். அப்போது மேரிக்கு எழுபத்திரண்டு வயது. அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்த காகித மலர்கள் 985. கறுப்பு வண்ணம் பூசிய தாளின்மேல், செடியைக் கண்முன் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இதழையும் மகரந்தத்தையும் இலை நரம்பையும் தனித்தனியே வெட்டி ஒட்டினார். ஒளியும் நிழலும்கூடப் பெரும்பாலும் தூரிகைப் பூச்சால் வந்தவை அல்ல. வேறு வேறு சாயல் கொண்ட துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உண்டாக்கியவை. ஒரே பூவில் இருநூறுக்கு மேற்பட்ட துணுக்குகள் உள்ள படமும் உண்டு. தாவரவியலார் மதிக்குமளவுக்கு அவை துல்லியமாக இருந்தன. லின்னேயஸ் வகுத்த முறைப்படி செடிகளின் பெயர்களையும் குறித்துவைத்தார். இன்று அத்தொகுப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் கையிலிருந்த கருவிகள் எவை? அரசி சார்லட் அவருக்கு ஒரு சிறு கைப்பேழையைப் பரிசளித்தார். அதனுள்ளே இருந்தவற்றை மேரியே ஒரு கடிதத்தில் வரிசைப்படுத்துகிறார். கத்தி, கத்தரி, பென்சில், அளவுகோல், கவராயம், துளையூசி. ஒரு பேரரசின் அரசி தம் காலத்தின் தலைசிறந்த காகிதக் கலைஞருக்குத் தந்த கருவிகள் இத்தகையவையே. இன்றைய கடைத்தெருவில் இவை அனைத்தையும் ஒரு சிறு துணிப்பைக்குள் வாங்கிவிடலாம்.

கதைசொல்லியும் ஓவியரும்

இலக்கிய வாசகர்களுக்கு ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 1805இல் ஒரு செருப்புத் தைப்பவருக்கும் துணி வெளுக்கும் பெண்ணுக்கும் பிறந்த அவர், கதை சொல்லிக்கொண்டே காகிதம் வெட்டுவார் என்பது பலரும் அறியாதது. மடித்த தாளும் மிகப்பெரிய கத்தரியும் கையில் இருக்கும். கதை நடக்க நடக்க வெட்டு நடக்கும். முடிவில் தாளை விரித்தால் அன்னங்களும் நடன மங்கையரும் நாடக மேடைகளும், சில வேளை தூக்குமரத்தில் தொங்கும் மனிதனும் தோன்றுவார்கள். அவர் பயன்படுத்தியது தையல்காரர் மேசையில் கிடக்கும்படியான பெருங்கத்தரி. அத்தனை பெரிய கருவியால் அத்தனை மெல்லிய நடன மங்கையின் கால்களை வெட்ட முடிந்தது என்றால், நுட்பம் இரும்பில் இல்லை என்பது தெளிவு.

ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941இல் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவைக்கு உட்பட்டார். பிழைத்தார். ஆனால் தூரிகையோடு நின்று நெடுநேரம் வரையும் வலு போயிற்று. கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாக அமர்ந்து, உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரியால் வெட்டத் தொடங்கினார். வெட்டிய வடிவங்களை உதவியாளர்கள் சுவரில் ஊசியால் குத்தி, அவர் சொல்லச் சொல்ல இடம் மாற்றினார்கள். 1947இல் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் நூலும் 1952இன் நீலநிறப் பெண்ணுருவங்களும் இவ்வாறு பிறந்தவை. 1954இல் இறக்கும்வரை அந்தக் கத்தரி அவரை விட்டு அகலவில்லை. கணவரை இழந்த முதுமையில் ஒருவருக்கும், நோயில் விழுந்த முதுமையில் இன்னொருவருக்கும் அதே எளிய கருவி புது வாழ்வு தந்திருக்கிறது.

எந்திரம் வந்த கதை

அப்படியானால் எந்திரத்துக்கு இக்கதையில் இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1840இல் பிரிட்டனில் எங்கு அனுப்பினாலும் ஒரு பென்னி என்ற அஞ்சல் கட்டணம் வந்தது. அது வாழ்த்து அட்டைக்குக் கதவு திறந்தது. 1843இல் ஹென்றி கோல், ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை அச்சிட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் என விற்றார். அதே காலத்தில் தாளை உலோக அச்சில் அழுத்திப் புடைப்பு உண்டாக்கி, புடைத்த மேடுகளை அராவி நீக்கினால் பின்னல் துணிபோன்ற துளைத்தாள் கிடைக்கும் என்பதையும் இலண்டன் அச்சகத்தார் கண்டிருந்தனர்.

அத்தகைய துளைத்தாள் ஒட்டிய ஆங்கிலக் காதலர்தின அட்டை ஒன்று அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலண்ட் என்னும் இளம்பெண்ணின் கைக்குக் கிடைத்தது. 1847இல் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தவர். தந்தை எழுதுபொருள் வணிகர். இதைவிட நன்றாக நாமே செய்யலாம் என்று அவர் சில மாதிரிகளைச் செய்து, விற்பனைக்காக ஊர் ஊராகச் செல்லும் அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். இருநூறு டாலர் தேறினால் போதும் என்று எண்ணியிருந்தவருக்கு, ஐயாயிரம் டாலருக்கு மேல் கேட்புகள் வந்தன என்று சொல்லப்படுகிறது. உடனே வீட்டு மாடியில் தோழியரை வரிசையாக அமர்த்தினார். ஒருவர் படம் வெட்ட, ஒருவர் பின்னணி ஒட்ட, ஒருவர் அடுக்கிச் சேர்க்க வேலை நடந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துளைத்தாள் எந்திரத்தில் வந்தது. அதை எவரும் வாங்கலாம். ஹௌலண்ட் செய்த மாற்றமோ துளைத்தாளின் அடியில் பளிச்சென்ற வண்ணத் துணுக்கை வைத்ததும், விசிறிமடிப்பாக மடித்த சிறு தாள்நாடாவைக் கீழே ஒட்டி மேல்தாளைச் சற்று உயர்த்தியதும்தான். எழும்பி நின்ற தாளின் நிழல் அட்டைக்கு ஆழம் தந்தது. அந்தத் தாள்நாடாவுக்குக் காசு பணம் தேவையில்லை.

கத்தி

நம் ஊர் எழுதுபொருள் கடையில் 'கட்டர்' என்று கேட்டால் தரும் முறித்தெறியும் அலகுக் கத்திக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஜப்பானின் ஒசாகா நகரில் அச்சுத்தொழிலில் இருந்தவர் யோஷியோ ஒகாடா. தாள் வெட்டும் அலகின் முனை விரைவில் மழுங்கிவிடும். மற்றப் பகுதி கூராகவே இருக்க, முழு அலகையும் எறிய வேண்டும். இவ்வீண் செலவு அவரை உறுத்தியது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடியை உடைத்து, உடைந்த புதுவிளிம்பால் சுரண்டுவதைப் பார்த்திருந்தார். போருக்குப்பின் அமெரிக்கப் படைவீரர்கள் தந்த சாக்லேட் கட்டிகள் கோட்டுக்குக் கோடு முறிவதும் நினைவுக்கு வந்தது. இரண்டையும் இணைத்து 1956இல் முறித்து முறித்துப் பயன்படுத்தும் அலகை உருவாக்கினார். ஜப்பானிய மொழியில் முறிப்பதைக் குறிக்கும் 'ஓரு', அலகைக் குறிக்கும் 'ஹா' ஆகிய சொற்களிலிருந்தே 'ஓல்ஃபா' என்ற பெயர் வந்தது. சிக்கனத்தை நாடிய ஒரு தொழிலாளியின் மனத்தில் பிறந்த கருவி இது.

எலும்பு

கடைசியாக, கண்ணில் படாத ஒரு கருவி. நூல் கட்டுநர்கள் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திவரும் மடிப்பு எலும்பு. மாட்டெலும்பை நாக்குப்போல் தட்டையாகச் செதுக்கி மெருகேற்றிய சிறு தகடு. மடிக்க வேண்டிய கோட்டில் முதலில் அதன் முனையால் அழுத்தித் தடம் போட்டு, பின்னர் மடித்து, மேலே ஒருமுறை தேய்த்தால் மடிப்பு கத்திபோல் அமரும். விரல் நகத்தால் தேய்த்தால் தாள் பளபளத்துக் கறைபடும்.

ஆனால் எலும்பு மட்டும் போதாது. தாளின் இழையோட்டம் தெரிய வேண்டும். பிரான்சில் நிக்கோலா லூயி ரொபேர் 1799இல் தாள் செய்யும் எந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அதன்பின் வந்த எந்திரத் தாளில் நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். அந்தத் திசையில் மடித்தால் அட்டை இணங்கும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து மடிப்பு வெடிக்கும். அட்டையை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுவே இழையோட்டம். விலையுயர்ந்த அட்டைகள் பலவும் பாழாவது இந்த ஒரு நொடிச் சோதனையைச் செய்யாததால்தான்.

மாணவிக்குச் சொன்ன விடை

இவ்வளவையும் படித்தபின் அம்மாணவியை அழைத்துச் சொன்னோம். எந்திரம் வேண்டாம் அம்மா. நல்ல கத்தரி ஒன்று வாங்குங்கள். நுனிவரை வெட்டுகிறதா என்று கடையிலேயே ஒரு தாளில் சோதியுங்கள். வெட்டும்போது கத்தரியை அசைக்காமல் தாளைத் திருப்புங்கள். துணிக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று எனப் பிரித்து வையுங்கள். 9 மில்லிமீட்டர் அலகுள்ள கட்டர் ஒன்று, எஃகு அளவுகோல் ஒன்று. பிளாஸ்டிக் அளவுகோலைக் கத்தி கடித்துவிடும். வெட்டும்போது கீழே வைக்க ஒரு ரப்பர் விரிப்பு. மடிப்பு எலும்பு கிடைத்தால் நன்று.

அம்மாணவி சிரித்தார். "எங்க அப்பா பைண்டிங் கடையில்தான் ஐயா வேலை பார்க்கிறார். மூங்கில் சிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கி வைத்திருக்கிறார். அதால்தான் மடிப்பார்" என்றார். இரண்டு நாள் கழித்து அந்தச் சிம்பு வகுப்புக்கு வந்தது. இருபதாண்டுப் பழக்கத்தில் பழுப்பேறி, கட்டைவிரல் படும் இடத்தில் சற்றுக் குழிந்திருந்தது. பேராசிரியரின் வாழ்த்து அட்டை அதனால்தான் மடிக்கப்பட்டது. தந்தையின் தொழிலைப் பற்றி அம்மாணவி வகுப்பில் பேசியதும் அன்றுதான் முதன்முறை என்று பின்னர் அறிந்தோம்.

மேரி டெலனி 1782இல், 82ஆம் வயதில், தம் பணியை நிறுத்திக்கொண்டார். கருவி பழுதாகி அன்று. கண்பார்வை மங்கிவிட்டது. ஆயிரம் மலர் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். பதினைந்து குறைந்தது. கத்தரி அதே கூர்மையோடு மேசைமேல் இருந்திருக்கும். வாங்கத்தக்க கருவிகளின் பட்டியலை நாம் எவ்வளவு நீட்டினாலும், பார்க்கும் கண்ணையும் பழகிய கையையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவை இருக்கும்போதே கத்தரியைக் கையிலெடுப்பது நல்லது.