எருது விளையாடிப் பட்ட சங்கன்

சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. கொம்பைத் தாழ்த்தி வரும் காளையும் அதை மறிக்கும் ஆளும் அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கோவூரிச் சங்கன் என்பவன் கருவந்துறையில் எருது விளையாடி இறந்தான், அவன் மகன் பெரியபயல் இந்தக் கல்லை நட்டான் என்பது அதிலுள்ள எழுத்தின் செய்தி.

சங்கனைப் பற்றி நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான். எத்தனை வயதில் செத்தான், அதற்கு முன் எத்தனை காளைகளை அணைத்தான், எதுவும் தெரியாது. ஆனாலும் இது பெரிய சொத்து. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலை விரிவாகப் பாடுகிறது. காளைகளின் நிறமும் மறுவும் கூட அதில் உண்டு. தொழுவில் குதித்த ஆயர் ஒருவருக்கும் பெயர் கிடையாது. அகப்பாட்டு மரபு பெயர் சொல்ல விடாது. அந்தக் குறை தன் தகப்பனுக்கு நேராமல் பெரியபயல் பார்த்துக்கொண்டான்.

ஸ்பெயினுக்குப் போனால் கதையே வேறு. அங்கே மனோலெத்தே என்ற காளைச் சண்டை வீரன் மானுவல் ரோட்ரிகஸின் வாழ்க்கை நாள்வாரியாகக் கிடைக்கிறது. 1917 ஜூலை 4 அன்று கோர்தொபா நகரில் பிறந்தான். தகப்பனும் காளைச் சண்டைக்காரர். மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துபோனார். 1939இல் செவில்லில் முழுத்தகுதி பெற்ற வீரனானான். காளை உடம்பை உரசிக்கொண்டு போனாலும் காலை அசைக்காமல் நிற்பதுதான் அவன் பாணி. கூட்டம் அதற்காகவே கூடியது. 1947 ஆகஸ்ட் 28, லினாரெஸ் ஊர்க் களம். மியூரா பண்ணைக் காளை இஸ்லேரோ. வாளை இறக்கும் கணத்தில் அதன் கொம்பு அவன் வலது தொடையில் ஏறியது. மறுநாள் அதிகாலையில் உயிர் போனது. வயது 30. இஸ்லேரோவும் அவன் வாளுக்குச் செத்தது.

நம் சல்லிக்கட்டுக் களத்தில் வாள் கிடையாது. வீரன் திமிலைப் பிடித்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். பிடிபட்டாலும் படாவிட்டாலும் காளை வீடு திரும்பும். தொண்டி, திருவாடானையிலிருந்து சிவகங்கைச் சீமை வரை ஆடும் வடமாடு மஞ்சுவிரட்டில், நீண்ட வடத்தில் பிணைத்த காளையை ஒன்பது பேர் கொண்ட குழு குறித்த நேரத்துக்குள் அடக்க வேண்டும். உயிரைப் பணயம் வைப்பதில் இவர்கள் மனோலெத்தேவுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

இந்த விளையாட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கும் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் பிறந்தது. கோயில் விழாவுக்கு ரேக்ளா என்னும் மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்ட மனு அது. 2006 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பந்தயத்தோடு சல்லிக்கட்டையும் சேர்த்துத் தடை செய்தது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் அந்தத் தடை விலகியது. 2009இல் சல்லிக்கட்டுக்கென மாநிலச் சட்டம் வந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தடுத்தது. 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்து மெரினாவில் மாணவர்கள் திரண்டதை எல்லோரும் அறிவோம். அதன்பின் வந்த சட்டத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மாட்டுக்கும் ஆளுக்கும் மருத்துவப் பரிசோதனை, தடுப்பு வேலி என்று இப்போது இருக்கும் கட்டுப்பாடுகள் நல்லவை, அவை தளரக் கூடாது.

வழக்கின் ஒவ்வொரு தேதியும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. களத்தில் குத்துப்பட்டு வயிறு தைத்துக்கொண்டவர்களின் கதை அவரவர் வீட்டுத் திண்ணைப் பேச்சோடு நின்றுவிட்டது. அந்தத் தலைமுறை முதுமையில் இருக்கிறது. தொண்டி, திருவாடானை வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் பழைய மாடுபிடி வீரர் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர் பெயர், ஊர், பிடித்த காளை, ஆண்டு, பட்ட காயம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.