'பள்ளி'ன்னா ஸ்கூல் மட்டும்தானா? கழுகுமலையும் ஊர்ப்பெயர்களும் சொல்லும் சமண வரலாறு

சங்கரன்கோவிலில் இருந்து கோவில்பட்டி போகும் சாலையில் சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது கழுகுமலை. பலருக்கும் இது முருகன் ஊர். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தைச் சேர்ந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்தக் கழுகாசலமூர்த்தியைத்தான். ஆனால் இதே மலையில், 1,200 ஆண்டுகளுக்கு முன்பு இயங்கிய ஒரு பெரிய சமணப் பள்ளியின் தடங்களும் இருக்கின்றன.

மலையில் என்ன இருக்கிறது?

பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை உருவங்களும் உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலமான 8-ம் நூற்றாண்டில் இந்தப் பணி தொடங்கியது. பக்கத்திலேயே, ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான்கோவில். அது பாதியிலேயே நின்றுபோன வேலை.

கழுகுமலைக்கு வேறு பெயர் இருந்ததா?

இருந்தது. இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அரைமலை, நெச்சுரம் என்ற பெயர்களைச் சொல்கின்றன. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி இங்கே முருகனை வழிபட்டதாகச் சொல்லும் கதையோடு சேர்ந்தது 'கழுகு' மலை. பெயர் மாறியதும் சமணர் கதை பேச்சில் இருந்து மெல்ல நழுவிவிட்டது. வெட்டுவான்கோவில் என்பதும் மன்னர் வைத்த பெயர் இல்லை. சிற்பி ஒருவரைப் பற்றிய கதையோடு ஊர் மக்கள் வாயில் வழங்கும் பெயர்தான்.

கல்வெட்டில் யார் யார் வருகிறார்கள்?

பல சிற்பங்களின் கீழே, அதைச் செய்வித்தவரின் பெயரும் ஊரும் இருக்கும். 'குரவடிகள்' என்றால் ஆண் ஆசிரியர், 'குரத்தியார்' என்றால் பெண் ஆசிரியர். அவர்களின் மாணாக்கர், மாணாக்கியர் பெயர்களும் உண்டு. பெண்கள் குருவாக இருந்து பாடம் சொன்னதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

திருச்சாரணத்தைச் சேர்ந்த குரத்தியாரும் இங்கே வருகிறார். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால். அங்கிருந்த சமணப் பள்ளி பின்னாளில் பகவதி கோவில் ஆனது. ஆனாலும் மலையின் பழைய பெயரில் 'சாரணர்' என்ற சமணத் துறவிகள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்போ 'பள்ளி' என்றால் என்ன?

முதலில் படுக்கும் இடம். பிறகு துறவிகள் தங்கி, வழிபட்டு, கற்பித்த இடம். அந்தப் பாடம் சொல்லும் வேலைதான் இன்றைய பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது. பள்ளிகளுக்குக் கொடுத்த நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். ஒரு எச்சரிக்கை: 'பள்ளி' என்று முடியும் ஊரெல்லாம் சமண ஊர் ஆகிவிடாது. சிற்றூர் என்ற பொருளும் அதற்கு உண்டு. கல்வெட்டோ, சிற்பமோ கூட இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

வேறு நாடுகளிலும் இப்படி உண்டா?

ஸ்காட்லாந்துத் தீவுகளில் 'கில்' என்று தொடங்கும் ஊர்கள் நிறைய. கேலிக் மொழியில் துறவியின் குடில், சிறு தேவாலயம் என்று பொருள். ஐலா தீவின் கில்டால்டனில் கூரையில்லாத பழைய தேவாலயமும், ஒரு கற்சிலுவையும் நிற்கின்றன. அந்தச் சிலுவையும் கழுகுமலைச் சிற்பங்களைப் போலவே 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கட்டடம் இடிந்தாலும், அங்கே என்ன இருந்தது என்பதை ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இது ஏன் முக்கியம்?

விருதுநகர் மாவட்டத்தின் குரண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்தது. அதன் புகழை இன்று மதுரை சமணமலைக் கல்வெட்டுகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கல்லில் ஏறிய பெயர் பிழைத்தது. ஆனால் வயல், ஓடை, பாறை, குளத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பெயர்களில் பெரும்பாலானவை எந்தக் கல்லிலும் இல்லை. சொல்கிறவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு. கழுகுமலைக்குப் போனால் சிற்பத்தோடு செல்ஃபி எடுப்பதோடு நிறுத்தாமல், அதன் கீழே இருக்கும் எழுத்தையும் பாருங்கள். அதன் மேல் உங்கள் பெயரைக் கிறுக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.